வீட்டில் ஆறடி மீன் தொட்டி: தரை தாங்குமா? பலப்படுத்துவது எப்படி?

மீன் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டடித் தொட்டியில்தான் ஆரம்பிக்கிறார்கள். பிறகு ஒரு கெலிசா வாங்குவார்கள். ஒரு சாண் நீளத்தில் வீட்டுக்கு வரும் அந்தக் குட்டி, இரண்டு அடிக்கு மேல் வளரக்கூடியது. அது திரும்பி நீந்த வேண்டுமென்றால் தொட்டியின் நீளம் மட்டுமல்ல, அகலமும் வேண்டும். அப்படித்தான் நான்கடித் தொட்டி, ஆறடித் தொட்டி என்று மனம் தாவுகிறது.

கடைக்காரரிடம் கண்ணாடியின் தடிப்பு, பம்ப், விளக்கு, விலை எல்லாவற்றையும் விசாரிப்போம். வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்குவது யார் என்றும் கேட்போம். ஆனால், 'இந்த எடையை என் வீட்டுத் தரை தாங்குமா?' என்ற கேள்வியை மட்டும் பலர் கேட்பதே இல்லை. கேட்டாலும், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பதே பதிலாக இருக்கும்.

கெடாவின் குருண், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. தூண்மேல் நிற்கும் பழைய பலகை வீடுகளும் உண்டு, கீழே கல்லும் மேலே பலகையுமாகக் கட்டிய வீடுகளும் உண்டு, தாமான்களில் வரிசை வீடுகளும் அடுக்குமாடிகளும் உண்டு. ஒரு வீட்டில் கவலையில்லாமல் நிற்கும் தொட்டி, பக்கத்து வீட்டில் ஆபத்தாக மாறலாம்.

உங்கள் வீட்டில் எது சரிப்படும், எங்கே வைக்கலாம், தரையை எப்படிப் பலப்படுத்தலாம், எந்த இடத்தில் பொறியாளரைக் கூப்பிட வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

ஆறடித் தொட்டியின் எடை எவ்வளவு?

கணக்கு சுலபம். ஒரு கன அடி என்பது ஏறக்குறைய 28.3 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, அதை 28.3-ஆல் பெருக்கினால் தண்ணீரின் எடை வந்துவிடும்.

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 24 கன அடி. விளிம்புவரை நிரப்பினால் 680 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் சுமார் 620 லிட்டர். மற்றவற்றையும் கூட்டிப் பாருங்கள்:

• தண்ணீர்: சுமார் 620 கிலோ
• 12 மில்லிமீட்டர் கண்ணாடி: சுமார் 130 கிலோ
• தொட்டியைத் தாங்கும் மேசை: சுமார் 90 கிலோ
• மணலும் கல்லும் கூட்டும் எடை: சுமார் 80 கிலோ
• கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டியின் தண்ணீர்: சுமார் 80 கிலோ
• மூடி, விளக்கு, பம்ப்: சுமார் 20 கிலோ

மொத்தம் 1,020 கிலோ. ஒரு டன்னுக்கும் சற்று அதிகம். ஏறக்குறைய ஒரு மைவி காரின் எடையை வரவேற்பறையில் நிறுத்துவதற்குச் சமம். கார் நான்கு சக்கரத்தில் பரந்து நிற்கும். தொட்டியோ 12 சதுர அடிக்குள் நிற்கிறது.

மற்ற அளவுகளுக்கும் இதேபோல் கணக்குப் போட்டால் வருவது இது:

• 4 × 1.5 × 1.5 அடி: மொத்தம் 370 முதல் 400 கிலோ
• 5 × 2 × 2 அடி: மொத்தம் 800 முதல் 850 கிலோ
• 8 × 2.5 × 2.5 அடி: மொத்தம் ஏறக்குறைய 2 டன்

நான்கடியிலிருந்து எட்டடிக்குப் போகும்போது நீளம் இரட்டிப்புதான் ஆகிறது. எடை ஐந்து மடங்காகிவிடுகிறது. அகலமும் உயரமும் சேர்ந்து கூடுவதால் வரும் வித்தியாசம் இது. 'கொஞ்சம் பெரிய தொட்டி' என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறும் இடமும் இதுதான்.

வீட்டுத் தரை எவ்வளவு எடைக்காகக் கட்டப்படுகிறது?

மலேசியாவில் 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்கள், குடியிருப்பு வீட்டின் தரை சதுர மீட்டருக்குக் குறைந்தது 1.5 கிலோநியூட்டன் பயன்பாட்டுச் சுமையைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்கின்றன. கிலோவில் சொன்னால் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. மனிதர்கள், நாற்காலி, கட்டில், அலமாரி எல்லாம் இதற்குள் அடங்கும். இந்தியத் தரநிலையில் வீடுகளுக்கான அளவு 2 கிலோநியூட்டன்.

இதைத் தண்ணீராக நினைத்துப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 150 கிலோ என்றால், அறை முழுவதும் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்பதற்குச் சமம். அதாவது அரை அடி. உங்கள் தொட்டியில் நிற்பதோ இரண்டு அடித் தண்ணீர்.

மேலே பார்த்த ஆறடித் தொட்டி தன் அடியில் உள்ள தரையை சதுர மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. சட்டம் சொல்லும் அளவைப்போல் ஆறு மடங்கு.

'அப்படின்னா தரை உடனே உடைஞ்சிடுமா?' என்றால், அப்படியும் இல்லை. 12-க்கு 12 அடி அறையின் மொத்தப் பரப்பு 13.4 சதுர மீட்டர். அந்த அறை முழுவதற்குமான சுமைக் கணக்கு சுமார் 2 டன். தொட்டி அதில் பாதியை எடுத்துக்கொள்கிறது. ஆனால், அறையின் பன்னிரண்டில் ஒரு பங்கு இடத்தில் நின்றுகொண்டு எடுத்துக்கொள்கிறது. மொத்த எடையைவிட, அது எந்த இடத்தில் குவிகிறது என்பதே இங்கே பிரச்சினை.

இன்னொன்றும் உண்டு. விருந்துக்கு இருபது பேர் வந்து ஒரே அறையில் நின்றாலும் ஒரு டன்னுக்கு மேல் வரும். அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தொட்டி இரவு பகல் பாராமல் வருடக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும். ஓயாத சுமையின் கீழ் மரமும் கான்கிரீட்டும் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும். முதல் நாள் அசையாமல் நின்ற தரை, மூன்றாம் வருடம் பள்ளம் விழுவது இதனால்தான்.

உங்கள் வீட்டுத் தரை எந்த வகை?

*கீழ்த்தளம், கான்கிரீட் தரை:* நான்கு வகைகளில் இதுதான் பாதுகாப்பானது. எடை நேராக மண்ணுக்கு இறங்கிவிடும். ஆறடித் தொட்டி பெரும்பாலும் பிரச்சினை இல்லாமல் நிற்கும். ஆனால், தரைக்கு அடியில் உள்ள மண் உறுதியாக இருக்க வேண்டும். குருண் ஜெராய் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே யான், கடற்கரை நோக்கிப் போகப்போக நெல்வயல் சமவெளியின் மெதுவான களிமண் வந்துவிடும். அங்கேயும், மண் நிரப்பி மேடாக்கிய நிலத்தில் எழுந்த தாமான்களிலும் தரைக்குக் கீழே மண் இறங்கி வெற்றிடம் உண்டாகலாம்.

*தூண்மேல் நிற்கும் பலகைத் தரை:* தோட்டத்துப் பழைய வீடுகளிலும் கம்பத்து வீடுகளிலும் காணப்படுவது. பலகைக்கு அடியில் மரச் சட்டங்கள், சட்டங்களுக்கு அடியில் உத்தரம், உத்தரத்துக்கு அடியில் தூண். இதில் ஒன்று பலவீனமாக இருந்தாலும் போதும், சுமை அங்கே உட்கார்ந்துவிடும். நல்ல விஷயம் என்னவென்றால், அடியில் இடம் இருப்பதால் பலப்படுத்துவது எளிது.

*மாடித் தளம்:* பழைய இரட்டை மாடி வீடுகளில் மேல்தளம் பலகையாக இருக்கலாம். புதியவற்றில் கான்கிரீட். எதுவானாலும் கீழே ஆட்கள் வசிக்கும் அறை இருப்பதால் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

*அடுக்குமாடி வீடு:* உங்கள் தரை இன்னொருவரின் கூரை. இங்கே நீங்கள் மட்டும் முடிவெடுக்க முடியாது.

வாங்குவதற்கு முன் நீங்களே செய்யக்கூடிய சோதனைகள்

1. தொட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. 'டொக் டொக்' என்று வெறுமையாகக் கேட்டால் டைல் ஒட்டாமல் தூக்கி நிற்கிறது. அல்லது அடியில் மண் இறங்கியிருக்கிறது.

2. சுவரும் தரையும் சேரும் இடத்தில் நீளமாக இடைவெளி விழுந்திருக்கிறதா? அப்படியென்றால் தரை ஏற்கெனவே கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.

3. பலகைத் தரை என்றால் நடு அறையில் குதிகாலை ஊன்றி அழுத்தமாக மிதியுங்கள். மேசைமேல் வைத்த தம்ளரில் தண்ணீர் நன்றாக ஆடினால் சட்டங்கள் மெலிந்தவை, அல்லது தூரத் தூரமாக வைக்கப்பட்டவை.

4. வீட்டுக்கு அடியில் டார்ச் விளக்கோடு குனிந்து பாருங்கள். சட்டத்தையும் தூணையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். முனை சுலபமாக உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. மண் குழாய்போல் கோடு ஏறியிருந்தால் கரையான் இருக்கிறது. குளியலறை, சமையலறைப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஈரம் அதிகம் படும் இடம் அதுதான்.

5. மாடியில் வைப்பதென்றால் கீழ் அறையின் மேற்கூரையைப் பாருங்கள். விரிசல், துருக் கறை, சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிவது இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் தொட்டி யோசனையை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

எங்கே வைப்பது? எந்தப் பக்கமாக வைப்பது?

செலவில்லாத பலப்படுத்தல் இதுதான். இடத்தை மாற்றினாலே தரையின் பாரம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும்.

பலகைத் தரையில் 12 அடி நீளச் சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொட்டியை அறையின் நடுவில் வைத்தால் அந்தச் சட்டம் வளையும் விசை ஓர் அளவு என்றால், சட்டம் ஊன்றி நிற்கும் சுவரை ஒட்டி வைத்தால் அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடும். எடை அதேதான். சுமை நேராகச் சுவருக்கும் தூணுக்கும் இறங்கிவிடுவதால் சட்டம் தப்பித்துவிடுகிறது.

அடுத்தது திசை. சட்டங்கள் சுமார் 16 அங்குல இடைவெளியில் போடப்பட்டிருந்தால், ஆறடித் தொட்டியைச் சட்டங்களுக்குக் குறுக்காக வைக்கும்போது ஐந்து சட்டங்கள் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். ஆளுக்கு 200 கிலோ. அதே தொட்டியைச் சட்டத்தின் போக்கிலேயே நீளவாக்கில் வைத்தால் இரண்டு சட்டங்கள்தான் மாட்டும். ஆளுக்கு 500 கிலோ.

சட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடியில் போய்ப் பார்க்க முடியாவிட்டால் தரைப் பலகையில் ஆணி வரிசையைப் பாருங்கள். ஆணிகள் ஒரே நேர்கோட்டில் போகும் இடத்தில்தான் கீழே சட்டம் இருக்கிறது. பலகை ஒரு பக்கம் ஓடினால் சட்டம் அதற்குக் குறுக்கே ஓடும்.

கான்கிரீட் மாடியிலும் இதே நியாயம்தான். கீழ்த்தளத்தில் சுவரோ உத்தரமோ இருக்கும் இடத்துக்கு நேர் மேலே வையுங்கள். அறையின் நடுப்பகுதி வேண்டாம். பால்கனி வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் மட்டுமே பிடிப்புள்ள தளத்தின் முனையில் ஒரு டன்னை வைப்பது மிக மோசமான தேர்வு.

பலகைத் தரையைப் பலப்படுத்துவது எப்படி?

தரைக்கு அடியில் ஆள் நுழையும் அளவுக்கு இடம் இருந்தால், அனுபவமுள்ள தச்சரும் கொத்தனாரும் செய்யக்கூடிய வேலை இது. படிப்படியாகப் பார்க்கலாம்.

*முதலில் பழுது:* உளுத்த சட்டத்தையும் கரையான் பிடித்த தூணையும் மாற்றுங்கள். கரையான் மருந்து அடித்த பிறகே மற்ற வேலை. கெட்டுப்போன மரத்துக்கு முட்டுக் கொடுத்துப் பயனில்லை.

*குறுக்கு உத்தரம்:* தொட்டியின் பின்பக்கம் சுவரை ஒட்டி, சட்டங்கள் ஊன்றும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். தொட்டியின் முன் விளிம்புக்கு நேர் கீழே, எல்லாச் சட்டங்களுக்கும் குறுக்காக ஒரு புது உத்தரம் கொடுங்கள். செங்கால், பாலாவ், கெம்பாஸ் போன்ற கெட்டி மரத்தில் 4-க்கு 6 அங்குலம் போதுமானதாக இருக்கும். தொட்டியின் இரண்டு பக்கமும் ஓர் அடி நீட்டிக்கொண்டு மொத்தம் எட்டடி நீளம். 6 அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்க வைத்தால் பலம் குறைந்துவிடும்.

*தூணும் அடித்தளமும்:* அந்த உத்தரத்தை மூன்று தூண்கள் தாங்கட்டும். தூணை வெறும் மண்ணில் நிறுத்தாதீர்கள். மேல் மண்ணை நீக்கி, ஒன்றரை அடி ஆழம் தோண்டி, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில், எட்டு அங்குலத் தடிப்பில் கான்கிரீட் போடுங்கள். ஒரு தூணுக்கு 400 கிலோ வந்தாலும் மண்ணின்மேல் அழுத்தம் சதுர மீட்டருக்கு 2 டன்னுக்குள் நின்றுவிடும். சாதாரண மண்ணுக்கு இது பெரிய சுமை அல்ல. தோண்டும்போது தண்ணீர் ஊறினாலோ, கால் புதையும் களிமண் வந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது. பொறியாளரைக் கேளுங்கள்.

*இடைவெளியை அடைப்பது:* இரும்புத் தூண் என்றால் திருகி உயரம் கூட்டும் வகை நல்லது. மரத் தூணோ செங்கல் தூணோ என்றால் மேலே இரும்புத் தகடும் கெட்டி மர ஆப்பும் வையுங்கள். உத்தரம் சட்டத்தைத் தொட்டு இறுகினால் போதும். மேலே தூக்கப் பார்க்காதீர்கள். பல வருடங்களாகப் பழகி உட்கார்ந்த வீட்டை ஒரே நாளில் தூக்கினால் சுவர் விரியும், கதவு இறுகிக்கொள்ளும்.

*குறுக்குக் கட்டைகள்:* சட்டங்களுக்கு நடுவே கட்டைகளை இறுக்கமாக அடித்து வையுங்கள். சட்டங்கள் பக்கவாட்டில் சாயாமல் ஒன்றாக வேலை செய்யும்.

தொட்டியைச் சட்டத்தின் போக்கிலேயே வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றால், ஒரு நீள உத்தரத்துக்குப் பதிலாகத் தொட்டிக்கு அடியில் மூன்று குட்டை உத்தரங்களைச் சட்டங்களுக்குக் குறுக்காகக் கொடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு தூண்கள்மேல் நிறுத்த வேண்டும்.

அடியில் இடமே இல்லாத பலகை மாடியில், பழைய சட்டத்தின் பக்கத்தில் அதே உயரமுள்ள புதுச் சட்டத்தை வைத்து போல்ட் போட்டு இணைப்பது உண்டு. புதுச் சட்டம் இரண்டு முனையிலும் சுவர்மேலோ உத்தரத்தின்மேலோ ஊன்ற வேண்டும். நடுவில் மட்டும் துண்டாக ஒட்டினால் பெரிய பலன் இல்லை.

கீழ்த்தளக் கான்கிரீட் தரை இறங்கியிருந்தால்?

டைலை மட்டும் மாற்றினால் போதாது. தொட்டி வைக்கும் இடத்தைவிட எல்லாப் பக்கமும் ஓர் அடி கூடுதலாகத் தரையை உடைத்து எடுக்க வேண்டும். உடைப்பதற்கு முன் அந்த இடத்தில் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு இளகிய மண்ணை நீக்கி, கல் போட்டு நன்றாக இறுக்கி, மேலே பிளாஸ்டிக் விரித்து, பிஆர்சி கம்பி வலை வைத்து, ஆறு அங்குலத் தடிப்பில் கான்கிரீட் போட வேண்டும். கம்பி வலை தரையோடு ஒட்டிக் கிடக்கக்கூடாது. சிறு சிமெண்ட் கட்டைகளை அடியில் வைத்துத் தூக்கி நிறுத்துங்கள்.

குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 28 நாள் கழித்தே தொட்டியில் தண்ணீர். இந்தப் பொறுமையைத்தான் பலர் காட்டுவதில்லை.

கான்கிரீட் மாடி என்றால்?

சுவரிலிருந்து சுவர்வரை தளத்துக்கு அடியில் இரும்பு உத்தரம் கொடுப்பது வழக்கமான வழி. ஆனால், இதை வெல்டிங் கடையில் சொல்லிச் செய்துகொள்ள முடியாது. அந்த உத்தரத்தின் முனையைத் தாங்கும் சுவர் பாரம் தாங்கும் சுவரா, வெறும் தடுப்புச் சுவரா என்பது முதலில் தெரிய வேண்டும். தாமான் வரிசை வீடுகளில் பெரும்பாலும் தூணும் உத்தரமும்தான் எடையைச் சுமக்கின்றன. நடுவில் உள்ள செங்கல் சுவர் இடத்தை மறைக்க மட்டுமே.

எனவே மலேசியப் பொறியாளர்கள் வாரியத்தில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். வீட்டின் கட்டமைப்பு வரைபடம் கையில் இருந்தால் அவருடைய வேலை பாதி குறைந்துவிடும். வரைபடம் இல்லாவிட்டால் சுங்கை பட்டாணி நகராண்மைக் கழகத்தில் விசாரித்துப் பாருங்கள். குருண் வட்டாரம் அதன் பொறுப்பில் வருகிறது.

எவை பலப்படுத்தல் அல்ல?

*தடித்த பிளைவுட் விரிப்பது:* மேசையின் கால் டைலை உடைக்காமல் பாரத்தைச் சற்றுப் பரப்பும். அவ்வளவுதான். மொத்த எடையில் ஒரு கிலோகூடக் குறையாது.

*தெர்மகோல் வைப்பது:* அது தொட்டிக்கும் மேசைக்கும் நடுவில், கண்ணாடி கீறாமல் இருப்பதற்கு. தரைக்கு அல்ல.

*மேலே இன்னொரு அடுக்கு சிமெண்ட் போடுவது:* மாடியில் இதைச் செய்தால் தரைக்குப் பலம் கூடுவதில்லை, பாரம்தான் கூடுகிறது. இரண்டு அங்குல சிமெண்ட் என்றால் சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல்.

மேசையின் வடிவமும் முக்கியம். நான்கு கால் மேசையில் ஒரு டன் என்றால், ஒரு காலுக்கு 250 கிலோ. இரண்டு அங்குலச் சதுரக் காலுக்குக் கீழே வெறுமையான டைல் இருந்தால் உடைந்துவிடும். கீழே சுற்றிலும் சட்டம் ஓடும் மேசையே நல்லது.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

சொந்த நிலவீட்டில் தொட்டி வைப்பதற்கு அனுமதி தேவையில்லை. ஆனால், உத்தரம் சேர்ப்பது, சுவரை மாற்றுவது போன்ற கட்டமைப்பு வேலைகள் 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் வரக்கூடும். வேலையைத் தொடங்கும் முன் நகராண்மைக் கழகத்தில் கேட்டுவிடுங்கள்.

தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. வீடு நிர்வாகத்துடையது. தூண் சேர்ப்பதாக இருந்தாலும் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை வீட்டுக்கும் இதே அறிவுரைதான்.

அடுக்குமாடிகளுக்கு 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் பொருந்தும். புதுப்பிப்பு வேலைக்கு நிர்வாக அமைப்பின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அதன் கீழ் வந்த 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி, கீழ்வீட்டுக் கூரையில் நீர் கசிந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை கோளாறு மேல்வீட்டில் இருப்பதாகவே கருதப்படும். புகார் கிடைத்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். ஆக, மேல்மாடியில் 600 லிட்டர் தண்ணீரை வைப்பவர் கீழ்வீட்டுக்காரருக்கும் பொறுப்பாளி. அடுக்குமாடியில் நான்கடிக்கு மேல் வேண்டாம் என்று முடிவெடுப்பது கோழைத்தனம் அல்ல.

வீட்டுக் காப்புறுதி இருந்தால், தொட்டி உடைந்து ஏற்படும் நீர்ச்சேதம் அதில் அடங்குகிறதா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

தண்ணீர் நிரப்பும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

ரசமட்டம் வைத்து மேசையை நான்கு பக்கமும் சமப்படுத்துங்கள். ஒரே நாளில் நிரப்பாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு நிரப்பி ஒரு நாள் விடுங்கள். பிறகு மூன்றில் இரண்டு. மூன்றாம் நாள் முழுவதும். ஒவ்வொரு கட்டத்திலும் தரையிலிருந்து கீழ்த்தளம்வரை, அல்லது சட்டத்திலிருந்து மண்வரை அளந்து எழுதி வையுங்கள்.

கண்ணாடியின் இரண்டு முனையிலும் நீர்மட்டத்தில் சிறு டேப் ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். ஒரு பக்கம் நீர் டேப்புக்கு மேலேயும் மறுபக்கம் கீழேயும் போனால் தரை சாய்கிறது என்று அர்த்தம். தண்ணீரைவிட நேர்மையான ரசமட்டம் கிடையாது.

சுமத்ரா நிலநடுக்கங்களின் அதிர்வு கெடா, பினாங்கு வரை உணரப்படுவது உண்டு. உயரமான மேசை என்றால் சுவரோடு இணைத்து வைப்பது நல்லது.

எப்போது உடனே தண்ணீரை இறக்க வேண்டும்?

• பக்கத்துக் கதவு திடீரென்று உரச ஆரம்பித்தால்
• தொட்டி அருகே டைல் எழும்பினால் அல்லது வெடித்தால்
• கீழ் அறையின் மேற்கூரையில் புது விரிசல் தெரிந்தால்
• நீர்மட்டம் ஒரு வாரத்திலேயே சாய்ந்துகொண்டு போனால்
• தொட்டியின் சிலிக்கோன் இணைப்பில் ஈரம் கசிந்தால்

இதில் ஒன்று நடந்தாலும் முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். மீனைப் பெரிய வாளிக்கோ நீர்த்தொட்டிக்கோ மாற்றி, குழாய் போட்டுத் தண்ணீரை வெளியே விடுங்கள். தண்ணீர் பாதியாகும்போதே அபாயத்தில் பெரும்பகுதி போய்விடும். எனவே தொட்டியிலிருந்து வாசல்வரை எட்டும் ஒரு குழாயை எப்போதும் கைவசம் வைத்திருங்கள்.

பெரிய நிறுவனங்கள் கட்டிய தொட்டிகளும் தப்பவில்லை. ஜெர்மனியின் பெர்லினில், ஹோட்டல் கட்டடம் ஒன்றில் இருந்த அக்வாடோம் என்ற ராட்சதத் தொட்டி 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்தது. 10 லட்சம் லிட்டர் தண்ணீர் கட்டடத்துக்குள்ளும் சாலையிலும் பாய்ந்தது. இருவர் காயமடைந்தனர். உள்ளே இருந்த சுமார் 1,500 மீன்களில் பெரும்பாலானவை இறந்துபோயின. அது தரையின் குற்றம் அல்ல, தொட்டியே உடைந்த கதை. ஆனால், அடைபட்ட தண்ணீர் வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு பாடம்.

வீட்டில் இந்த ஆபத்து பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். தண்ணீர் மாற்றும்போது சிந்துவது, மூடியிலிருந்து வடிவது, தொட்டிக்குப் பின்னால் சுவர் வியர்ப்பது. எப்போதும் ஈரமாக இருக்கும் மரத்தைப் பூஞ்சை அரித்துவிடும். எனவே தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும் அளவு இடம் விடுங்கள். மின்கம்பி பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கி மேலேறும்படி இருக்கட்டும். அப்போதுதான் கம்பி வழியே வடியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

கடைசியாக, எப்படி முடிவெடுப்பது?

கீழ்த்தளக் கான்கிரீட் தரை, வெறுமைச் சத்தம் இல்லை, சுவரோரம் இடம் இருக்கிறது என்றால் ஆறடித் தொட்டியைத் தைரியமாக வைக்கலாம். பலகைத் தரை என்றால் முதலில் கரையானைப் பாருங்கள், பிறகு உத்தரமும் தூணும், அதற்குப் பிறகே தொட்டி. கான்கிரீட் மாடி என்றால் நான்கடிக்கு மேல் போகும் முன் பொறியாளர். அடுக்குமாடி என்றால் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் வேண்டாம்.

இவை எதுவும் ஒத்துவராவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. கார் நிறுத்தும் இடத்தின் தரை, மண்மேல் போட்ட கான்கிரீட்டாகவும் விரிசல் இல்லாமலும் இருந்தால், தொட்டியை அங்கே நிழலில் வைக்கலாம். ஏற்கெனவே ஒரு காரைத் தாங்கிப் பழகிய தரை அது. கார் வெளியே நிற்க வேண்டியிருக்கும் என்பது மட்டும்தான் குறை.